போகிறேன் என்கிற நட்சத்திரத்தை விற்பது ஏன் இத்தனை சிரமம்?

4 ஜனவரி 2025, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

"மயாமி கூடைப்பந்து அணியின் நட்சத்திரம் ஜிம்மி பட்லருக்கு இந்த சீசன் சம்பளம் 4.88 கோடி டாலர். அதை வாங்கிக்கொண்டு, மயாமியில் எனக்கு மகிழ்ச்சி திரும்பக் கிடைக்காது என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்கிறார். அணி ஏழு ஆட்டங்களுக்கு சஸ்பெண்ட் செய்திருக்கிறது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் முப்பது அணிகள் இருக்கின்றன. அதிக விலை கொடுப்பவருக்கு நாளைக்கே தள்ளிவிட வேண்டியதுதானே? எதற்கு இந்த இழுபறி?"

4 ஜனவரி, இரவு

முப்பது என்பது பேருக்குத்தான். எண்ணிப் பாருங்கள். அடிமட்டத்தில் கிடந்து இருபது வயதுப் பையன்களை வளர்த்துக்கொண்டிருக்கிற அணிகளுக்கு 35 வயது பட்லரால் என்ன பயன்? கழித்துவிடுங்கள். ஓக்லஹோமா, கிளீவ்லாண்ட், பாஸ்டன் போல ஜெயித்துக்கொண்டிருக்கிற அணியைப் பாதி சீசனில் யாரும் கலைக்க மாட்டார்கள். அவர்களையும் கழியுங்கள். விற்பனை என்கிறோமே தவிர, இது டிரேடு, ஆளுக்கு ஆள் மாற்றுவது. 4.88 கோடிக்கு ஈடாகத் திருப்பி அனுப்ப ஆள் இல்லாதவர்களையும் கழித்தால் மிச்சம் நாலோ ஐந்தோ.

அந்த நாலைந்து பேருக்கும் ஒரு பயம் உண்டு. பட்லரின் ஒப்பந்தத்தில் 2025-26க்கு 5.24 கோடி டாலர் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டை எடுப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். புது ஊர் பிடிக்கவில்லை என்றால் கோடையில் கிளம்பிவிடலாம். பெரிய விலை கொடுத்து வாங்குபவருக்கு உறுதியாகக் கிடைப்பது ஆறு மாதம்தான்.

வில்லங்கம் உள்ள மனையை விற்கப் போனவர்களுக்கு இது தெரியும். ரோட்டோரம்தான், தண்ணீரும் இருக்கிறது. ஆனால் பங்காளி ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், வருகிறவன் எல்லாம் பாதி விலைதான் கேட்பான். இங்கே கையெழுத்துப் போடாத பங்காளி பட்லரேதான்.

டிசம்பர் 26 அன்று மயாமியின் தலைவர் பாட் ரைலி "பட்லரை விற்கப் போவதில்லை" என்று அறிக்கை விட்டார். எட்டே நாளில் அதே நிர்வாகம் யார் கேட்டாலும் பேசத் தயார் என்கிறது. பேரம் தொடங்கும் முன்பே விலை இறங்கியாயிற்று.

5 ஜனவரி

ஒருவர் 4.88 கோடியை 82 ஆட்டங்களால் வகுத்து, ஆட்டத்துக்கு ஆறு லட்சம் டாலர் போகிறது என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. இந்த வகை சஸ்பென்ஷனுக்கு ஆண்டுச் சம்பளத்தில் 145-ல் ஒரு பங்குதான் பிடிப்பார்கள். ஆட்டத்துக்கு சுமார் 3.36 லட்சம், ஏழுக்கும் சேர்த்து 23.5 லட்சம் டாலர். வீரர்கள் சங்கம் அதையும் எதிர்த்து முறையீடு செய்கிறது.

5 ஜனவரி, இரவு

"வீட்டில் உட்கார வை, சம்பளத்தை நிறுத்து, தானாக வழிக்கு வருவான்" என்று இன்னொருவர். பிலடெல்பியா இதைச் செய்து பார்த்தது.

2021 ஜூன் 20, அட்லாண்டாவுடன் ஏழாவது ஆட்டம். வளையத்துக்கு அடியிலேயே பந்தோடு நின்ற பென் சிமன்ஸ், தானே போடாமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். பார்த்தவர்களுக்கு மறக்காது. அதற்குப் பிறகு அவர் பிலடெல்பியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஐந்து ஆண்டு, 17.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் நாலு ஆண்டு மீதி இருந்தது. அக்டோபர் 1 அன்று தர வேண்டிய 82.5 லட்சம் டாலரை நிர்வாகம் அவரிடம் கொடுக்காமல் தனிக் கணக்கில் போட்டு வைத்தது. அபராதம் மேல் அபராதம். பயிற்சிக்கு வந்தார், ஒருநாள் பயிற்சியாளரே வெளியே அனுப்பினார். பிறகு மனதளவில் ஆடும் நிலையில் இல்லை என்றார். அதற்குள் புகுந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன தெரியும்? நிர்வாகத் தலைவர் டேரில் மோரியோ, இது நாலு ஆண்டுகூட இழுக்கலாம் என்று வானொலியில் சாதாரணமாகச் சொன்னார்.

2022 பிப்ரவரி 10, டிரேடு கெடு நாள், அதாவது அந்த சீசனில் ஆள் மாற்றக் கடைசி நாள். சிமன்ஸைக் கொடுத்து புரூக்ளினிலிருந்து ஜேம்ஸ் ஹார்டனை வாங்கினார் மோரி. காத்திருந்து ஜெயித்தார் என்று பாராட்டினார்கள். ஆனால் சிமன்ஸோடு செத் கரி, ஆண்ட்ரே டிரமண்ட், இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஓர் அணிக்கு உள்ள முறை) எல்லாம் சேர்ந்து போயின. வந்த ஹார்டனும் புரூக்ளினில் கோபித்துக்கொண்டு கிளம்பியவர்தான். 2023 ஆகஸ்டில் அதே ஹார்டன் சீனாவில் ஒரு நிகழ்ச்சியில் மைக்கைப் பிடித்து "டேரில் மோரி ஒரு பொய்யர்" என்றார், சரியாகக் கேட்காதவர்களுக்காக இரண்டாம் முறையும் சொன்னார். லீக் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. அந்த நவம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார், லாஸ் ஏஞ்சலஸின் கிளிப்பர்ஸ் அணிக்கு.

6 ஜனவரி

பட்லருக்கு இது பழக்கம் என்று எழுதியவருக்கு: ஆமாம். 2018-ல் மினசோட்டாவில் நடந்தது நினைவிருக்கிறதா? விற்கச் சொல்லிவிட்டு, அக்டோபர் 10 அன்று திடீரென்று பயிற்சிக்கு வந்தார். மூன்றாம் வரிசை ஆட்களைச் சேர்த்துக்கொண்டு முதல் ஐவரை அடித்தார், நிர்வாகத்தைப் பார்த்துக் கத்தினார், அப்புறம் நேராகத் தொலைக்காட்சிப் பேட்டிக்கு உட்கார்ந்தார். சரியாக ஒரு மாதத்தில் பிலடெல்பியாவுக்கு விற்பனை. கிடைத்தது ராபர்ட் கோவிங்டன், டாரியோ சாரிச், ஜெரிட் பேலெஸ், ஓர் இரண்டாம் சுற்று பிக்.

அந்த விற்பனையைக் கையாண்ட டாம் திபடோவைத்தான், பயிற்சியாளர் பதவி, தலைவர் பதவி இரண்டிலிருந்தும் ஒன்றாக நீக்கினார்கள். 2019 ஜனவரி 6. இன்றைய தேதி.

9 ஜனவரி

சம்பளப் பிடிப்பு, சஸ்பென்ஷன் எல்லாம் நாம் வெளியே பார்க்கிற பகுதி. அணிக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் மிகச் சின்ன அளவில் அனுபவித்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

நான் ஆடியது மாவட்ட அளவு கிளப்பில். எங்கள் அணியில் வளையத்துக்கு அடியில் நிற்கும் போஸ்ட் பிளேயருக்கு வேறு ஊரில் ஒரு நிறுவன அணியில் வேலையோடு இடம் கிடைத்தது. என்ஓசி கேட்டான். டோர்னமெண்ட் சீசன் முடியட்டும் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். அவன் சண்டை போடவில்லை. பயிற்சிக்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்பான். எல்லா டிரில்லும் செய்வான். ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க மட்டும் குதிக்க மாட்டான். கை இரண்டும் மேலே போகும், கால் தரையை விட்டு எழாது. எதிரணிக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு போவான். இவனை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, கை மேலேதானே இருந்தது!

இரண்டு வாரத்தில் நாங்கள் எங்களுக்குள் அடித்துக்கொண்டோம். இவனுக்குப் பாஸ் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு கோஷ்டி, பாவம் அவன் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு கோஷ்டி. நான் இரண்டாவது கோஷ்டி. கடைசியில் என்ஓசி கொடுத்தார்கள். பதிலுக்குப் புது அணிக்காரர்கள் சில பந்துகளை அன்பளிப்பாகத் தந்தார்கள். அதில் ஒன்று சரியான உருண்டையாகக்கூட இல்லை. எங்கள் கிளப் வரலாற்றின் ஒரே டிரேடு அதுதான்.

மயாமி பட்லரை பெஞ்சில் உட்கார வைக்காமல் ஏன் வெளியே அனுப்பியது என்று கேட்கிறீர்களே, என் பதில் அந்தக் குதிக்காத கால்தான். சக வீரர்கள் பாம் அடேபாயோவும் டைலர் ஹீரோவும் இவரைத் தினம் பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். ஆடாமல் இருக்கிற நட்சத்திரத்தைச் சமாளித்துவிடலாம். அரைகுறையாக ஆடுகிறவர் கூட இருப்பவர்களையும் இரண்டாகப் பிரித்துவிடுவார்.

12 ஜனவரி

முதல் நாள் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் "கவாய் லெனர்டை மறந்துவிட்டாயா?" என்கிறார். மறக்கவில்லை. அந்தக் கதை என் வாதத்துக்குக் கொஞ்சம் இடிக்கும் என்பதால் ஒத்திப்போட்டிருந்தேன், சரி, வந்துவிட்டது.

2017-18-ல் கவாய் சான் அன்டோனியோவுக்கு ஆடியது ஒன்பதே ஆட்டங்கள். தொடைக் காயம். அணி மருத்துவர்கள் ஒன்று சொன்னார்கள், அவருடைய ஆட்கள் வேறொன்று சொன்னார்கள். அவர் போக விரும்பியது லாஸ் ஏஞ்சலஸ். ஓர் ஆண்டு ஒப்பந்தம்தான் மீதி, காயமும் இருக்கிறது, சம்மதமும் இல்லை. என் கணக்குப்படி யாரும் தொட்டிருக்கக் கூடாது. டொராண்டோவின் மசாய் உஜிரி தொட்டார். 2018 ஜூலை 18: டிமார் டிரோசன், யாக்கோப் பர்ட்டில், ஒரு முதல் சுற்று பிக் கொடுத்து, கவாயையும் டேனி கிரீனையும் எடுத்தார். 2019 ஜூனில் கோப்பை. ஜூலையில் கவாய் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். டொராண்டோவில் யாராவது அந்த டிரேடுக்காக வருத்தப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

டிரோசன் வருத்தப்பட்டார். விற்க மாட்டோம் என்று தன்னிடம் சொல்லியிருந்தார்கள் என்றார். ஒன்பது சீசன் அந்த ஊரை விட்டு அசையாதவரைத்தான் அனுப்பினார்கள், போகிறேன் என்றவரை வாங்க. விசுவாசம் இல்லை என்று வீரர்களைத் திட்டும்போது இதையும் கூடவே வைத்துப் பேசுங்கள்.

ஆனாலும் என் கருத்தை மாற்றவில்லை. சம்மதம் இல்லாத ஆளுக்கு டொராண்டோ கொடுத்தது சம்மதம் இல்லாத விலைதான். பல ஆண்டுகளின் டிராஃப்ட் பிக்குகளைக் கொட்டவில்லை. போனது ஒரே பிக், அதுவும் 29-ம் இடத்தில் விழுந்தது.

12 ஜனவரி, சற்றுப் பின்

டொராண்டோவுக்கு அந்த அதிர்ஷ்டம் பழைய பாக்கியாகவே வர வேண்டியிருந்தது. 2004 டிசம்பரில் மனம் வெறுத்திருந்த வின்ஸ் கார்ட்டரை நியூ ஜெர்சிக்கு விற்றார்கள். வந்த சரக்கில் பெரிய பெயர் அலோன்சோ மோர்னிங். அவர் டொராண்டோவுக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டார். ஒரு கோபக்காரரைக் கொடுத்து இன்னொரு கோபக்காரரை வாங்கி, அவருக்குக் காசு கொடுத்து விடுவித்தார்கள். மோர்னிங் நேராகப் போய்ச் சேர்ந்தது மயாமி. 2006-ல் அங்கே கோப்பையும் வென்றார். அன்றைக்கு மயாமிக்காரர்கள் யாரும் ஒப்பந்த தர்மம் பேசியதாகத் தெரியவில்லை. நானும் பேசவில்லை, டுவெய்ன் வேட் ஆடிய காலத்து மயாமி ரசிகன் நான்.

18 ஜனவரி

பட்லர் திரும்பி வந்தார். காலையில் எழுந்து பார்த்தேன். டென்வரிடம் சொந்த மைதானத்தில் 20 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. கால் தரையை விட்டு எழுந்தது, கொஞ்சம்.

24 ஜனவரி

மில்வாக்கிக்குப் போகும் அணி விமானத்தைப் பட்லர் தவறவிட்டார். இன்னும் இரண்டு ஆட்டம் சஸ்பென்ஷன். 4.88 கோடி டாலர் ஆளுக்கு அலாரம் வாங்கித் தர மயாமியில் யாருமில்லை.

28 ஜனவரி

பெஞ்சிலிருந்துதான் இறங்க வேண்டும் என்று சொன்னார்களாம், பயிற்சியிலிருந்து எழுந்து போய்விட்டார். மூன்றாவது சஸ்பென்ஷன், குறைந்தது ஐந்து ஆட்டம், முடிவு தேதி இல்லை. கெடு பிப்ரவரி 6. இனி ஆடப் போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

அவருக்குப் போக ஆசை ஃபீனிக்ஸ் என்கிறார்கள். ஃபீனிக்ஸுக்கும் ஆசைதான். அப்புறம் என்ன தடை என்று கேட்டவருக்காக இந்த நீளமான குறிப்பு. சம்பளக் கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த தேதிக்குத் தாவிவிடுங்கள்.

லீகும் வீரர்கள் சங்கமும் 2023-ல் போட்ட புதிய கூட்டு ஒப்பந்தத்தில் செகண்ட் ஏப்ரன் என்று ஒரு கோடு இருக்கிறது. இந்த சீசனில் அது 18.89 கோடி டாலர். மொத்தச் சம்பளம் அதைத் தாண்டிய அணிகளுக்குக் கையையும் காலையும் கட்டிவிடுவார்கள். அனுப்புகிற சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. அதைவிடக் கொடுமை, இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளத்துக்கு ஈடாகக் காட்ட முடியாது. ஒருவருக்கு ஒருவர்தான்.

ஃபீனிக்ஸ் அந்தக் கோட்டுக்கு வெகு மேலே நிற்கிறது. பட்லரின் 4.88 கோடிக்கு ஈடாக ஒற்றை ஆளாக அனுப்பக்கூடியவர்கள் அங்கே மூன்றே பேர். கெவின் டுரண்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல். முதல் இருவருக்காகத்தான் பட்லரையே கூப்பிடுகிறார்கள். மிச்சம் பீல். அவருக்கு 5.02 கோடி, கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் பீலிடம் டிரேடு மறுப்புரிமை இருக்கிறது. லீகில் எட்டு ஆண்டும் அதே அணியில் நாலு ஆண்டும் ஆடியவர்கள்தான் அதைக் கேட்டு வாங்க முடியும். 2022-ல் வாஷிங்டன் ஐந்து ஆண்டு, 25.1 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு அதையும் தூக்கிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர் ஃபீனிக்ஸ் வந்தபோது அந்த உரிமையும் கூடவே வந்தது.

ஆக ஒருவர் போக வேண்டும் என்கிறார், அவர் இடத்துக்கு அனுப்ப வேண்டியவர் போக மாட்டேன் என்கிறார். இருவர் சொல்வதும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டதுதான்.

2 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனை முடித்துவிட்டு போனை எடுத்தால், டல்லஸின் நட்சத்திரம் லூக்கா டான்சிச் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு, அங்கிருந்து ஆண்டனி டேவிஸ் டல்லஸுக்கு! செய்தியாளரின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். என்னைப் போல லட்சம் பேர் நினைத்திருக்கிறார்கள்.

2 பிப்ரவரி, இரவு

பகல் முழுக்க யோசித்ததில், முதல் நாள் வைத்த வாதத்தை இந்த டிரேடு உரசிப் பார்க்கிறது. வெளியே தெரிந்துவிட்டால் விலை இறங்கும் என்றேன். லூக்கா போகிறேன் என்று சொல்லவே இல்லை. வயது 25. விற்கப் போகிறார்கள் என்று ஈ காக்கைக்கும் தெரியாது. என் கணக்குப்படி வானளாவிய விலை வந்திருக்க வேண்டும். வந்தது டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ன் ஒரே ஒரு முதல் சுற்று பிக்.

வில்லங்கமே இல்லாத மனையை ஒரே ஆளிடம் ரகசியமாகப் பேசி விற்றாலும் இதுதான் கதி போலிருக்கிறது. ஊருக்குத் தெரிந்தால் பாதி விலை கேட்பார்கள், தெரியாவிட்டால் கேட்கவே ஆள் வர மாட்டார்கள்.

இந்த டேவிஸ்தான் 2019-ல் நியூ ஆர்லியன்ஸை ஆட்டிப் படைத்தவர். 2019 ஜனவரி 28 அன்று அவர் ஏஜெண்ட் ரிச் பால் வழியாகச் செய்தி வெளியே வந்தது. பகிரங்கமாகக் கேட்டதற்கு 50,000 டாலர் அபராதம். லேக்கர்ஸ் கெடுவுக்குள் முடிக்கத் துடித்தது. பாஸ்டனுக்கோ, கைரி இர்விங் இருக்கும்வரை விதிப்படி டேவிஸை வாங்க வழியில்லை, கோடை வந்தால்தான் ஏலத்தில் நுழைய முடியும். நியூ ஆர்லியன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. நடுவில் ஜெனரல் மேனேஜர் டெல் டெம்ப்ஸின் வேலை போயிற்று (திபடோவுக்கு அடுத்த மாதம்). மே மாத டிராஃப்ட் குலுக்கலில் லேக்கர்ஸுக்கு நாலாவது பிக் விழுந்தது. ஜூனில் டேவிஸுக்கு ஈடாகக் கிடைத்தது பிராண்டன் இங்க்ராம், லோன்சோ பால், ஜாஷ் ஹார்ட், அந்த நாலாவது பிக் உட்பட மூன்று முதல் சுற்று பிக்குகள். டெம்ப்ஸ் காத்திருந்ததன் பலனை அவருக்குப் பின் வந்த டேவிட் கிரிஃபின் அறுவடை செய்தார்.

பாஸ்டன் உண்மையில் எவ்வளவு தந்திருக்கும் என்பது முக்கியமில்லை. வருவார்கள் என்ற பயம் லேக்கர்ஸுக்கு இருந்தது, அதுதான் வேலை செய்தது. டல்லஸ் அந்தப் பயத்தை உருவாக்கக்கூட முயலவில்லை.

6 பிப்ரவரி

முடிந்தது. கோல்டன் ஸ்டேட். ஐந்து அணிகள் கலந்த டிரேடு. மயாமிக்கு ஆண்ட்ரூ விகின்ஸ், கைல் ஆண்டர்சன், டேவியன் மிட்சல், ஒரு முதல் சுற்று பிக்.

கோல்டன் ஸ்டேட் முதலில் கேட்டது டுரண்டை. பழைய வீட்டுக்குத் திரும்ப அவர் விரும்பவில்லை. அவரும் மறுத்த பிறகுதான் பட்லர் பக்கம் திரும்பினார்கள். ஒருவரின் சம்மதமின்மை இன்னொருவருக்கு வாசலைத் திறந்தது.

விகின்ஸின் சம்பளம் 2.63 கோடி. பட்லருக்கு ஈடாக்க ஷ்ரோடர், ஆண்டர்சன், லிண்டி வாட்டர்ஸ் என்று மூன்று பேரை மேலே அடுக்கினார்கள். நாலு பேர் பெட்டியைக் கட்டினார்கள், ஓர் ஆள் வந்து இறங்க.

இதோ முக்கியமான வரி: பட்லர் அந்த 5.24 கோடி விருப்ப ஆண்டை விட்டுவிட்டு, 2026-27 வரை 11.1 கோடி டாலருக்குப் புது நீட்டிப்பில் கையெழுத்துப் போடுகிறார். ஜனவரி 4 அன்று நான் சொன்ன பங்காளியின் கையெழுத்து இதுதான். அது இல்லாமல் கோல்டன் ஸ்டேட் விகின்ஸைத் தந்திருக்காது. அவருக்கு ஃபீனிக்ஸ்மேல் இருந்த காதலும் 11.1 கோடியைப் பார்த்ததும் ஆறிவிட்டது.

8 பிப்ரவரி

"அப்படியானால் கடைசியில் வீரன் கேட்டதுதான் நடக்கிறது" என்று எழுதியவருக்கு: டேமியன் லில்லர்டைக் கேளுங்கள்.

2023 ஜூலை 1, போர்ட்லாண்டில் பதினோரு சீசன் ஆடியபின் விற்கச் சொன்னார். மயாமிக்கு மட்டும்தான் போவேன் என்று அவர் ஏஜெண்ட் மற்ற அணிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். லீக் எல்லா அணிகளுக்கும் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது: வேறு எங்கும் ஒழுங்காக ஆட மாட்டேன் என்ற தொனியில் பேசினால் நடவடிக்கை வரும் என்று. போர்ட்லாண்ட் ஜெனரல் மேனேஜர் ஜோ குரோனின் அவசரப்படவில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் மீதி, எதற்கு அவசரம்? நாங்கள் மயாமி ரசிகர்கள் அந்தக் கோடை முழுவதும் லில்லர்டுக்கு எந்த எண் பனியன் என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். செப்டம்பர் 27 அன்று மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டார்.

குரோனினின் நிஜமான கைவேலை அதற்கு நாலு நாள் கழித்து. மில்வாக்கியிலிருந்து வந்த ஜூரு ஹாலிடேயைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே பாஸ்டனுக்கு விற்று, மால்கம் பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ், இரண்டு முதல் சுற்று பிக் வாங்கினார். நட்சத்திரத்துக்கு என்ன கிடைத்தது என்று அன்றைக்கே மதிப்பெண் போடுகிற பழக்கத்தை இதைப் பார்த்தபின் நான் குறைத்துக்கொண்டேன். முதல் டிரேடில் வந்ததை வைத்து இரண்டாவது டிரேடு என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த ஹாலிடேயோடுதான் பாஸ்டன் 2024 கோப்பையை வென்றது. லில்லர்ட் எங்கேயும் இல்லாத கோப்பை, அவர் கேட்ட டிரேடிலிருந்து பிறந்தது.

16 பிப்ரவரி

கேட்டுவிட்டு மனம் மாறியவர் யாராவது உண்டா? லேக்கர்ஸின் கோபி பிரையன்ட். 2007 மே மாதம் வானொலியில் வெளிப்படையாகவே விற்கச் சொன்னார். லேக்கர்ஸ் விற்கவில்லை. 2008 பிப்ரவரி 1 அன்று பாவ் கசோலை வாங்கினார்கள். அந்த ஜூனில் இறுதிப் போட்டி, 2009, 2010-ல் கோப்பைகள். அவரிடமும் டிரேடு மறுப்புரிமை இருந்தது, ஆகவே அவரை இஷ்டத்துக்கு விற்கவும் முடியாது.

டுரண்டும் 2022-ல் கேட்டார், ஆகஸ்டில் வாபஸ் வாங்கினார். பிப்ரவரியில் ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டார். இதை மனமாற்றக் கணக்கில் சேர்ப்பதா?

13 மார்ச்

ஜூனியர் பிரிட்ஜ்மன் இறந்துவிட்டார், 71 வயது. இந்த இழைக்கும் அவருக்கும் தொடர்பு இருக்கிறது.

1974-75 சீசனில் மில்வாக்கியைவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டார் கரீம் அப்துல்-ஜப்பார். சண்டை இல்லை. அந்த ஊர் தன் வாழ்க்கைக்கு ஒத்துவரவில்லை, நியூயார்க்கோ லாஸ் ஏஞ்சலஸோ வேண்டும் என்றார். 1975 ஜூன் 16 அன்று லேக்கர்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு எல்மோர் ஸ்மித், பிரையன் விண்டர்ஸ், அப்போதுதான் டிராஃப்ட் ஆகியிருந்த டேவ் மேயர்ஸ், பிரிட்ஜ்மன். கரீம் அங்கே ஐந்து கோப்பை வென்றார் என்பதால் மில்வாக்கி ஏமாந்தது என்றே எழுதுவார்கள். ஆனால் விண்டர்ஸின் 32, பிரிட்ஜ்மனின் 2 இரண்டு எண்களையும் மில்வாக்கி வேறு யாருக்கும் தராமல் ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறது. பிரிட்ஜ்மன் ஆடி முடித்தபின் வெண்டிஸ் உணவகங்களை நடத்தி, கோகோ கோலா பாட்டிலிங் தொழில் வரை போய், பெரும் பணக்காரரானார். போன செப்டம்பரில் மில்வாக்கி அணியிலேயே பத்து சதவீதப் பங்கை வாங்கினார்.

விற்றதற்கு ஈடாக வந்த பையன் கடைசியில் அணியிலேயே பங்கு வாங்கிய கதை வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.

29 ஏப்ரல்

சீசன் முடிந்தபின் வரும் பிளேஆஃப் தொடரில் கிளீவ்லாண்டிடம் மயாமி நாலுக்கு நாலும் தோற்றது. கடைசி ஆட்டம் 138-83. ஐம்பத்தைந்து புள்ளி. பட்லர் வருவதற்கு முன் 25 வெற்றி 26 தோல்வியில் இருந்த கோல்டன் ஸ்டேட், அதற்குப் பிறகு 23 வெற்றி 8 தோல்வி. மேலே எதையும் சொல்ல மனமில்லை.

லில்லர்டுக்கு அக்கிலிஸ் தசைநார் அறுந்துவிட்டது. 34 வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

29 ஏப்ரல், இரவு

காலையில் எழுதியது வயிற்றெரிச்சல். பட்லரைப் பிடித்து வைத்திருந்தாலும் இந்த மயாமி கிளீவ்லாண்டைத் தாண்டியிருக்காது. விகின்ஸ் ஒரு பிளேஆஃப் தொடரில் சரியில்லை என்பதற்காக முழுக் கணக்கையும் மூட முடியாது. கோல்டன் ஸ்டேட் பிக்கை வைத்து யாரை எடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது டிரேடைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே 55 புள்ளியைப் பார்த்துக் கத்தினால் எப்படி?

27 ஜூன்

அந்த பிக் 20-ம் இடம். காஸ்பராஸ் யாக்குச்சியோனிஸ், லிதுவேனியப் பையன், பந்தைக் கையாளத் தெரிந்தவன். சரி, பார்ப்போம்.

2 ஜூலை

மில்வாக்கி லில்லர்டை விடுவித்துவிட்டது. மீதிச் சம்பளம் சுமார் 11.3 கோடி டாலர். அதை ஐந்து ஆண்டுக்குப் பரப்பி, ஆண்டுக்கு 2.25 கோடி சம்பளக் கணக்கில் சுமப்பார்கள். ஆடாத ஒருவருக்காக. அவருக்காகக் கொடுத்த 2029 பிக்கும் 2028, 2030 பிக் மாற்று உரிமைகளும் (இரு அணி பிக்குகளில் நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமை) இன்னும் போர்ட்லாண்ட் கையில்தான். இதை வைத்துக்கொண்டு குரோனின் என்ன செய்வார் என்று பிப்ரவரியில் கேட்டவருக்கு: ஒன்றும் செய்ய வேண்டாம், மில்வாக்கி சரியச் சரிய அவர் சரக்குக்கு விலை ஏறும்.

20 ஜூலை

பீல் கதையும் முடிந்தது. ஃபீனிக்ஸ் அவருடைய ஒப்பந்தத்தைப் பேசித் தீர்த்தது, அவர் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார், கிளிப்பர்ஸில் சேர்ந்தார். மறுப்புரிமையை வைத்து ஜனவரியில் அசையாதவர் ஜூலையில் தான் விரும்பிய ஊருக்கே போனார், யாருக்கும் யாரையும் ஈடாகத் தராமல்.

லில்லர்ட் போர்ட்லாண்டுக்கே திரும்பிவிட்டார். மூன்று ஆண்டு, 4.2 கோடி டாலர். காயத்தால் இந்த சீசன் ஆட மாட்டார் என்று தெரிந்தே குரோனின் கையெழுத்து வாங்கியிருக்கிறார். 2023-ல் தன்னிடம் இல்லாத ஒரு ஷரத்தை இந்த முறை லில்லர்டும் கேட்டு வாங்கியிருக்கிறார்: டிரேடு மறுப்புரிமை.